பழைய கம்ப்யூட்டருக்குப் பவர் சுவிட்ச் மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தக்கலைக்காரன்:
ரப்பர் ஷீட் கடையில் அப்பா கணக்கு வைத்திருந்த 486 கம்ப்யூட்டர். பழைய ஏ.டி. வகை எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்டு கொடுக்கிற பெட்டி. முன்பக்கச் சுவிட்ச் தேய்ந்து, அழுத்தினால் உள்ளே நிற்பதில்லை. பழைய பற்றுவரவெல்லாம் அதற்குள் இருந்ததால் தூக்கிப்போட மனம் வரவில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். வீட்டு வயரிங்கில் கைதேர்ந்தவர். சுவிட்சுக்கு வருகிற நான்கு வயர்களில் பழுப்பையும் நீலத்தையும் ஒரு ஜோடி, கறுப்பையும் வெள்ளையையும் ஒரு ஜோடி என்று மாட்டினார். அழுத்தினார். 'டப்' என்று ஒரு வெளிச்சம், வீடு முழுக்க இருட்டு. பழுப்பும் நீலமும்தான் பிளக்கிலிருந்து நேரே வருகிற ஃபேஸும் நியூட்ரலும். சுவிட்ச் இரண்டையும் முட்டவைத்துவிட்டது.

எஸ்எம்பிஎஸ் மேலிருந்த ஸ்டிக்கரில் அந்த நான்கு வயருக்கும் படம் போட்டிருந்தது, தூசிக்கு அடியில். அதைவிட உறுத்துவது இதுதான்: அவர் கட்டைவிரலுக்கும் சுவிட்சில் வயர் மாட்டுகிற, கருகிப்போன அந்த உலோகக் காலுக்கும் நடுவில் ஒரு ரப்பர் உறைகூட இல்லை.

குளச்சல் கடலோரம்:
எங்களுடையது ஏ.டி.க்குப் பின் வந்த ஏ.டி.எக்ஸ். வகை. ஆன் ஆகும், நான்கைந்து நொடியில் தானே அணைந்துவிடும். கடையில் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, புதிது போடுங்கள் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மதர்போர்டிலிருந்து பவர் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டேன். ஆன் ஆனது, அணையவே இல்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்த பட்டன் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டனை விடாமல் அழுத்தினால் அணைப்பது அந்த இயந்திரத்தின் வழக்கம்தானே! கடைத்தெருவில் காலிங்பெல் சுவிட்ச் ஒன்று வாங்கி கேபினெட் பக்கவாட்டில் பொருத்தினேன். இன்றும் அதை அழுத்தித்தான் ஆன் செய்கிறோம்.

மார்த்தாண்டம் பட்டறை:
குளச்சல் அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு யாரும் ஏ.டி. இயந்திரத்துக்குக் காலிங்பெல் சுவிட்ச் போட்டுவிடாதீர்கள். ஏ.டி.எக்ஸில் அந்தப் பட்டன் மதர்போர்டுக்குச் சைகை மட்டும் கொடுக்கிறது, அதில் இருப்பது சிறிய மின்னழுத்தம். ஏ.டி.யில் 230 வோல்ட்டே சுவிட்ச் வழியாகப் போகிறது. அதற்கு அழுத்தினால் நிற்கிற, இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கிற, மெயின்ஸுக்குரிய, அதாவது சுவர் பிளக்கில் வருகிற கரண்டுக்குரிய சுவிட்ச்தான் வேண்டும். தக்கலைக்காரர் நிறத்தை வைத்துப் பேசுகிறார். நிறத்தை நம்பவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை வையுங்கள். ஆஃபில் சேராமல் ஆனில் சேர்கிற இரண்டு கால்கள் ஒரு ஜோடி. ஃபேஸ் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரு ஜோடியில், நியூட்ரல் மற்ற ஜோடியில்.

என் அனுபவம் சிறியது. பட்டறையில் 12 வோல்ட் தேவைக்குப் பழைய ஏ.டி.எக்ஸ். எஸ்எம்பிஎஸ் ஒன்றை எடுத்து, அதை ஆன் செய்யச் சொல்கிற பச்சை வயருக்கும் கிரவுண்டான கறுப்புக்கும் நடுவில் டாகிள் சுவிட்ச் போட்டேன். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. 5 வோல்ட் சிவப்பு வயரில் 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை லோடாக, அதாவது கரண்டை இழுக்கிற சுமையாகக் கொடுத்த பிறகுதான் ஒழுங்காக ஓடியது. பச்சை வயர் 20 பின் கனெக்டரில் 14-வது, 24 பின்னில் 16-வது. பின்னால் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-இல் வைத்து நம் ஊர்க் கரண்டைக் கொடுத்தால் உள்ளே வெடிக்கும். மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

தக்கலைக்காரன்:
பட்டறைக்காரரே, நான் நிறத்தை நம்பச் சொல்லவில்லை, ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் இவ்வளவு எழுதியும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஏ.டி.யில் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும், பிளக் மாட்டியிருக்கும்வரை சுவிட்சின் இரண்டு கால்களில் மெயின்ஸ் வந்து நிற்கும். அன்று ஃபியூஸ் போட்ட பிறகு பழுப்பு வயர் இருந்த காலில் டெஸ்டரை வைத்தேன். இயந்திரம் ஆஃப், டெஸ்டரில் விளக்கு எரிந்தது.