இந்த ஆட்டத்தில் உங்களுடையது எது?

2014இல் நான் கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஆய்வகக் கணினிகளில் பாதிக்கு மேல், ஒத்த எண் கட்டைகளைத் தள்ளிச் சேர்க்கும் '2048' என்ற விளையாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதை எழுதிய இத்தாலிய இளைஞர் கேப்ரியேல் சிருல்லிக்கு அப்போது வயது 19. ஒரு வார இறுதியில் எழுதி, மூல நிரலை எவரும் எடுத்தாளலாம் என்று வெளியிட்டிருந்தார். நானும் எடுத்தேன். எண்களை நீக்கிவிட்டு இரண்டுக்கு ௨, பதினாறுக்கு ௰௬, இறுதிக் கட்டைக்கு ௨௲௪௰௮ என்று தமிழ் எண்களை இட்டு, துறை விழாவில் 'நான் உருவாக்கிய விளையாட்டு' என்று எழுதிவைத்தேன். பேராசிரியர் ஒருவர் இரண்டு முறை ஆடிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி, இந்த ஆட்டத்தில் உங்களுடையது எது?" என்று கேட்டார்.

அந்த உறுத்தலில்தான் பின்னோக்கித் தேடினேன். '2048'க்கு முன் '1024' இருந்தது. அதற்கும் முன், அதே ஆண்டு பிப்ரவரியில், 'த்ரீஸ்' வந்திருந்தது. ஆஷர் வால்மரும் கிரெக் வோல்வெண்டும் அதற்காக 14 மாதங்கள் உழைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றும் இரண்டும் சேர்ந்தால்தான் மூன்று. அதன்பின் ஒத்த எண்களே சேரும். '2048'இல் கட்டைகள் விளிம்புவரை வழுக்கிச் செல்லும். 'த்ரீஸ்' ஆட்டத்திலோ ஒரு தள்ளலுக்கு ஒரு கட்டம்தான் நகரும் என்பதால், தள்ளுவதற்கு முன் பலகை முழுவதையும் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு விதிக்குப் பின்னால் எத்தனை வரைவுகள் கிழிபட்டிருக்கும் என்பது, எண்களை மட்டும் மாற்றிய எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிருல்லியை நான் குறை சொல்லமாட்டேன். தம்முடையது 'த்ரீஸ்' போன்றது என்று அவரே குறிப்பிட்டிருந்தார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நேர்ந்ததன் மறுபக்கம் எனக்கு நேர்ந்தது. நான் அனிமேஷன் துறையில் இருக்கிறேன். 2017இல், பழைய கார்ட்டூன் போலவே தோன்றும் 'கப்ஹெட்' என்ற விளையாட்டு வந்த கையோடு, அதன் சாயலில் படங்கள் வேண்டும் என்று ஒரு சிறு குழு என்னிடம் கேட்டது. கணினியில் வரைந்த உருவங்களுக்கு ரப்பர் குழாய் போன்ற கைகால்களைக் கொடுத்து, மேலே பழைய பிலிம் கீறல்களைப் போர்த்தினேன். நிறுத்திவைத்துப் பார்த்தால் அழகு; ஓடவிட்டால் பொம்மலாட்டம். 'கப்ஹெட்'டை உருவாக்கிய கனடாவின் மோல்டன்ஹவர் சகோதரர்களும் 1930களில் ஃபிளைஷர் ஸ்டூடியோ எடுத்த கார்ட்டூன்களைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் தோற்றத்தோடு நிற்காமல், உருவங்களைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து, மையிட்டு, பின்னணிகளை நீர்வண்ணத்தில் தீட்டும் அந்தக் காலத்து வேலைமுறையையே எடுத்துக்கொண்டார்கள். வண்ணம் மட்டும் கணினியில்.

என் உருவம் கையசைக்க நான் வரைந்தவை நான்கு நிலைகளே. மீதியைக் கணினி நிரப்பியது. பிறகு அதே கையசைப்பைக் காகிதத்தில் 12 படங்களாக வரைந்து ஓட்டினேன். படத்துக்குப் படம் கோடு மயிரிழை விலகித் துடித்தது. கீறல்களுக்குத் தேவையே எழவில்லை. அதற்கு இரண்டு நாள் பிடித்தது. அந்தக் குழுவினர் பழைய படங்களே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

* * *

நான் ஆடுபவன் மட்டுமே. முதல் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு 'த்ரீஸ்' ஆட்டத்தை இறக்கினேன். '2048'இல் மேல்பக்கமும் வலப்பக்கமுமாக மாற்றி மாற்றித் தள்ளியே காலம் ஓட்டியவன் நான். அதே பழக்கத்தில் தள்ளியதில் மூன்றே நிமிடத்தில் பலகை அடைத்துக்கொண்டது. ஒரு மூலையில் 1, எதிர்மூலையில் 2, நடுவில் வழியே இல்லை.