புது மீன் வந்த முதல் வாரங்கள்: கடல் தொட்டி வைத்திருப்பவர்களின் அனுபவங்கள்

சென்னை

கடல் தொட்டிக்குப் புது மீன் வாங்கப் போனால் நிறத்தையும் விலையையும் பார்க்கிறோம். நான் முதலில் பார்ப்பது செவுள் மூடியை. அதே தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களைவிட இது வேகமாக மூச்சு விடுகிறதா, இல்லையா? வேகமாக விட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

கொளத்தூர் பக்கம் ஒரு கடையில் பவுடர் ப்ளூ டாங் இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்தது. நம் இந்தியப் பெருங்கடல் மீன்தான் அது. நீல உடம்பு, கறுப்பு முகம், மஞ்சள் முதுகுத் துடுப்பு என்று பார்த்தவுடன் ஆசை வந்துவிடும். ஆனால் ஒயிட் ஸ்பாட் என்ற வெள்ளைப்புள்ளி நோய் பிடிப்பதில் இதற்கு இணையான மீன் கிடையாது. மூச்சு சீராக இருந்தது, கண் தெளிவாக இருந்தது. வயிறு மட்டும் லேசாக ஒட்டியிருந்தது. "அண்ணே, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க" என்றேன். கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டியதும் வந்து கொத்தியது. அப்படியும் அன்று எடுத்து வரவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வரேன், உங்க தொட்டியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடலிலிருந்து பிடித்து, பல கை மாறி வரும் மீன் முதல் சில நாட்களில்தான் அதிகம் சாகும். சயனைடு தெளித்துப் பிடித்த மீனாக இருந்தால் நன்றாகத் தின்றுகொண்டே இருந்து திடீரென்று போய்விடும். அந்த ஒரு வாரத்தைக் கடையிலேயே கழிய விடுவது மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

அடுத்தது உப்பு. பல கடைகளில் மீன் தொட்டியின் உப்படர்த்தியை 1.018, 1.019 என்று குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். பவளத் தொட்டியில் நாம் வைப்பது 1.025. அதிக உப்பிலிருந்து குறைந்த உப்புக்கு மாறுவதை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். குறைவிலிருந்து அதிகத்துக்கு ஒரே நாளில் மாற்றினால் தாங்காது. அதனால் கடைத் தண்ணீரை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பு அளக்கும் கருவியில் பார்த்து, வீட்டில் குவாரண்டைன் தொட்டியை (புது மீனைத் தனியாக வைத்துக் கவனிக்கும் தொட்டி) அதே அளவுக்குத் தயார் செய்துவைத்தேன். மீன் வந்ததும் வெப்பநிலை ஒத்துவர பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் எடுத்து உள்ளே விட்டேன். அப்புறம் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றினேன்.

குவாரண்டைன் தொட்டி என்றால் பெரிய செலவு என்று பலர் பயப்படுகிறார்கள். வெறும் கண்ணாடித் தொட்டி, மணல் வேண்டாம், கல் வேண்டாம். ஒளிந்துகொள்ள சில பி.வி.சி. எல்போ குழாய்கள். பல வாரங்களாக சம்பில் (பெரிய தொட்டியின் வடிகட்டித் தொட்டி) ஊறிக் கிடந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு நல்ல ஏர் ஸ்டோன். நம் ஊர் வெயிலுக்கு ஏ.சி. இருக்கும் அறையில் வையுங்கள். அமோனியாவை தினமும் பாருங்கள்.

முதல் வாரம் முடிவதற்குள் மார்புத் துடுப்பில் ரவை ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஓரிரு நாளில் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. இந்த இடத்தில்தான் ரொம்பப் பேர் "தானாகவே தேறிவிட்டது" என்று நிம்மதியாகி, மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். உண்மையில் கிரிப்டோகாரியான் என்ற அந்த ஒட்டுண்ணி மீனைத் தின்று கொழுத்து, உதிர்ந்து, தரையில் ஒட்டி ஓடு கட்டிக்கொள்கிறது. உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகி, வழக்கமாக 3 முதல் 28 நாட்களுக்குள் வெளியே வந்து மீனைத் தேடுகிறது. வெளியே வந்தது ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். ஆனால் ஓட்டுக்குள் இருப்பது 72 நாள்வரை தாக்குப்பிடித்ததாகப் பதிவு இருக்கிறது. நோய் வந்த தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் விட வேண்டும் என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

சரி, மருந்து? கீலேட்டட் காப்பர் என்ற செம்பு மருந்து. சில நாட்களில் படிப்படியாக ஏற்றி, 2 முதல் 2.5 பி.பி.எம். வரை கொண்டுபோய், 30 நாள் அந்த அளவு இறங்காமல் காத்தேன். இறங்கினால் ஒட்டுண்ணி பிழைக்கும், ஏறினால் மீன் தாங்காது. அதனால் காப்பரை அளக்க ஹன்னா டிஜிட்டல் செக்கர் வைத்திருக்கிறேன், நிறம் பார்த்துச் சொல்லும் கிட்டை நம்புவதில்லை. இதே காப்பரைப் பவளத் தொட்டியில் ஊற்ற முடியுமா? பவளம், இறால், நத்தை எல்லாம் போய்விடும். கல்லும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், எந்த மீனும் நேராகப் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது.

வெல்வெட் என்ற இன்னொரு நோய் இதைவிட வேகமானது. புள்ளி தனித்தனியாகத் தெரியாது, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் மங்கலான தூசுப் படலம் தெரியும். மீன் பம்பின் நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும், தீனியைத் தொடாது. அதைக் கண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கோவை

அருமையாச் சொன்னீங்க அண்ணா. எங்களுக்குப் பக்கத்தில் கடல் மீன் கடை அதிகம் இல்லை, பெரும்பாலும் பார்சல்தான். மீன் ராத்திரி முழுக்கப் பைக்குள் இருக்கிறது. மூச்சு விட்டதில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.ஹெச். இறங்கிவிடும். கழிவிலிருந்து வந்த அமோனியா, அந்தக் குறைந்த பி.ஹெச்.சில் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியம் வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்தவுடன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.ஹெச். ஏறும், அந்த அமோனியம் நஞ்சாக மாறும். அப்போது பையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால், மீன் அந்த நஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.

லயர்டெயில் ஆந்தியாஸ் மீன்கள் வரவழைத்தபோது, விற்றவரிடம் முந்தின நாளே போனில் உப்படர்த்தி கேட்டு அதே அளவில் தொட்டியைத் தயார் செய்துவைத்தேன். பையை மூடியபடியே மிதக்கவிட்டேன். திறந்தவுடன் மீனை எடுத்துத் தொட்டியில் விட்டேன், பைத் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. அறை விளக்கை அணைத்துவிட்டேன். எல்லாமே பிழைத்து, மறுநாளே உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்த் தீனி) தின்றன. ஆந்தியாஸ் வாங்குபவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: தினம் பல வேளை தீனி போட ஆள் வேண்டும். வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர்களுக்கு அது சரிப்படாது.

கிளீனர் ராஸ் மீனையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மற்ற மீன்களின் மேல் இருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் மீன் அது. வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் பட்டினியில் மெலிந்து சாகிறது. பார்க்கவே பாவமாக இருக்கும்.

சிங்கப்பூர்

காப்பர் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். ஃப்ளூக் என்ற தட்டைப் புழு காப்பருக்குச் சாகாது. காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீன் ஒன்று கடையில் மைசிஸ் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாங்கினேன். அது தின்னப் பழகாத மீன் என்றால் வீட்டுக்கு வந்து பழகுவது கஷ்டம். குவாரண்டைனில் உடம்பைக் கல்லில் தேய்ப்பதுபோலக் குழாயில் தேய்த்தது, தலையை உதறியது. புள்ளி எதுவும் இல்லை.

நன்னீர்க் குளியல் கொடுத்தேன். குளோரின் நீக்கிய நல்ல தண்ணீரை, தொட்டியின் வெப்பநிலைக்கும் பி.ஹெச்.சுக்கும் கொண்டுவந்து, காற்றும் விட்டு, கறுப்பு வாளியில் 5 நிமிடம். மீன் முதலில் ஒருக்களித்துப் படுத்தது. பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும், நிலை மோசமானால் உடனே திருப்பி எடுத்துவிடலாம். கொஞ்ச நேரத்தில் வாளியின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சிறு செதில்கள் கிடந்தன. உயிரோடு மீன்மேல் இருக்கும்போது கண்ணாடிபோல் நிறமற்று இருப்பவை, நன்னீர் பட்டதும் வெளுத்து உதிர்கின்றன. வெள்ளை வாளியில் இதைப் பார்த்திருக்கவே முடியாது. அப்புறம் பிராஸிகுவான்டல் என்ற புழு மருந்து, ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை. முட்டையிலிருந்து பிறகு வருபவற்றுக்காகத்தான் இரண்டாவது முறை. மருந்து இருக்கும்போது ஆக்சிஜன் குறையும், ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

தூத்துக்குடி

வணக்கம் அண்ணே, நான் புதுசு. சின்னத் தொட்டி. ஒரே அளவில் வளர்ந்த இரண்டு நெமோ மீன்களை ஜோடியாகப் போட்டு வைக்கலாமா? ஒரு நண்பர் கடல்குதிரை வாங்கித் தருகிறேன் என்கிறார். அப்புறம், உங்கள் பவுடர் ப்ளூவைப் பெரிய தொட்டிக்கு எப்படி மாற்றினீர்கள்?

சென்னை

தம்பி, கடல்குதிரை வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். கல் பவளங்களும் கடல் விசிறியும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நாம் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நண்பரிடமும் சொல்லிவிடுங்கள்.

நெமோ எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். நன்கு வளர்ந்த இரண்டைச் சேர்த்தால் இரண்டுமே ஏற்கெனவே பெண்ணாக இருக்கலாம், ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். ஒன்று பெரிதாக, ஒன்று குட்டியாக எடுங்கள். தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து வளர்த்த குட்டிகள் கிடைக்கின்றன, அவையே நல்லது. பிறகு ராயல் கிராமா, ஃபயர்ஃபிஷ் போன்ற சாதுவானவை. ஃபயர்ஃபிஷ் குதிக்கும், வலைமூடி இல்லாமல் வாங்காதீர்கள். சிக்ஸ்லைன் ராஸ், டாம்சல் போன்ற முரடுகளை ஆசைப்பட்டால் கடைசியில் சேருங்கள். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு கோலே டாங் இருந்தது. டாங்குகள் தன் வடிவத்தில் இருக்கும் மீனைத்தான் அதிகம் விரட்டும். அதனால் பவுடர் ப்ளூவைத் துளையிட்ட அக்ரிலிக் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பெரிய தொட்டிக்குள்ளேயே மாட்டினேன். முதல் நாள் கோலே பெட்டியைச் சுற்றிச் சுற்றி வாலால் அடித்தது. வால் பக்கத்தில் கத்திபோன்ற முள் இருக்கிறது, பெட்டி இல்லாவிட்டால் அது புது மீனின் விலாவில் இறங்கியிருக்கும். பெட்டிக்குள்ளேயே தீனி போட்டேன். கோலே பெட்டியைக் கண்டுகொள்ளாமல் பாறையை மேயத் தொடங்கிய பிறகு, இரண்டு மூன்று பாறைகளை இடம் மாற்றி வைத்து, விளக்கு அணைந்தபின் திறந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் தொட்டியின் இரண்டு ஓரத்திலும் கடற்பாசித் தாள் மாட்டினேன், ஒரே இடத்தில் மாட்டினால் அதற்காகவே சண்டை வரும். உங்கள் சின்னத் தொட்டிக்கு டாங் ஒத்துவராது, நீந்த நீளம் வேண்டும். ஆனால் இந்தப் பெட்டி முறை ராயல் கிராமாவுக்கும் அப்படியே பொருந்தும்.