பேக்கரி பக்கம் போகாம எடை ஏத்த வழி இருக்குங்களா?

திருப்பூர்க்காரன்:
வயசு 24, உயரம் 172 செ.மீ., எடை 49 கிலோ. பனியன் கம்பெனியில கட்டிங் வேலை, நாள் பூரா நின்னுட்டேதான். பரோட்டா, பப்ஸ் எல்லாம் விட்டாச்சுங்க. காலைல ராகிக் கூழ், மத்தியானம் சாம்பார் சாதம், பொரியல், ராத்திரி ரெண்டு இட்லி. கணக்குப் போட்டா 1500 கலோரிகூட தாண்டல. அதுக்கே வயிறு நிறைஞ்சிடுது. போன வாரம் பெல்ட்டுல ஆணியால புது ஓட்டை போட்டேன். பயமா இருக்குங்க.

நெல்லை அக்கா:
தம்பி, கூழுல பெரும்பங்கு தண்ணிதான். வயிறு ரொம்பும், உடம்புல ஒட்டாது. எண்ணெயைப் பார்த்துப் பயப்படாதீங்க. இட்லிப் பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டாலே 120 கலோரி. என் மகனுக்கு உளுந்தங்களி கிண்டுவேன். கருப்பட்டிப் பாகுல மாவைக் கொட்டிக் கிளறி, நல்லெண்ணெய் விட்டுக்கிட்டே இருக்கணும். கரண்டியில ஒட்டாம சுருண்டு வந்தா இறக்கிடலாம்.

ஈரோட்டுக்காரர்:
வறுத்த நிலக்கடலை 50 கிராம், சுமார் 280 கலோரிங்க. நாலு மணி டீயோட சாப்பிடுங்க. ஆனா காரணமில்லாம எடை குறைஞ்சா சர்க்கரை, தைராய்டு ரெண்டும் முதல்ல பார்த்துடுங்க.

திருப்பூர்க்காரன்:
ஞாயித்துக்கிழமை அந்த டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போறேன்ங்க. அக்கா, களிக்குத் தோலோட இருக்குற கறுப்பு உளுந்தா, வெள்ளையா?

நெல்லை அக்கா:
கறுப்புதான் தம்பி. வாசம் வர்ற வரைக்கும் வறுத்து அரைங்க.