2.9 ஜிபிஏ-வுடன் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி – ஓஹையோ மாணவி

அனைவருக்கும் வணக்கம். ஓஹையோவில் உள்ள ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சென்ற ஆண்டு உயிரியலில் இளங்கலை முடித்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் வீட்டாரின் விருப்பப்படி கணினிப் பொறியியலில் கழிந்தன. அங்கே வாங்கிய மதிப்பெண்களும், துறை மாறிய புதிதில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் வந்த சி கிரேடும் சேர்ந்து, 120 கிரெடிட்டுக்கான மொத்த ஜிபிஏ-வை (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.9-இல் நிறுத்திவிட்டன. கடைசி ஆண்டில் பெரும்பாலும் ஏ வாங்கியிருக்கிறேன். குடியுரிமை உண்டு, இப்போது மருத்துவமனை அவசரப் பிரிவில் மருத்துவர்களின் குறிப்புகளைப் பதிவு செய்யும் ஸ்கிரைப் ஆக வேலை பார்க்கிறேன்.

நுழைவுத் தேர்வான எம்கேட்டை நன்றாக எழுதிவிட்டு வருகிற ஜூனிலேயே விண்ணப்பிக்கலாமா? முதுகலை முடித்துவிட்டால் இளங்கலை மதிப்பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார் சென்னையிலிருக்கும் என் பெரியப்பா. கரீபியத் தீவுகளிலுள்ள மருத்துவக் கல்லூரிகளில் உடனே இடம் கிடைக்கும் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – முன்மருத்துவ ஆலோசகர்

உங்கள் பெரியப்பா சொல்வது பல துறைகளுக்குப் பொருந்தும், மருத்துவத்துக்குப் பொருந்தாது. வழக்கமான மருத்துவப் பட்டமான எம்டி-யைத் தரும் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ், முதுகலை மதிப்பெண்ணைத் தனி வரிசையில் காட்டுமே தவிர இளங்கலை ஜிபிஏ-வுடன் கலக்காது. பட்டம் பெற்ற பிறகு இளங்கலை நிலையிலேயே கூடுதலாகப் படிக்கும் பாடங்கள், அதாவது போஸ்ட்-பேக் பாடங்கள்தாம் அந்தக் கணக்கில் சேரும்.

ஆனால் அங்கும் கணக்கு மெதுவாகத்தான் நகரும். 120 கிரெடிட்டுக்கு 2.9 என்றால் 348 புள்ளிகள். அதன்மேல் 36 கிரெடிட்டை முழுவதும் ஏ-யாக (தலா 4 புள்ளி) எடுத்தாலும், 492-ஐ 156-ஆல் வகுக்க 3.15 தான் வரும். எம்டி கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி அண்மைய ஆண்டுகளில் 3.77-ஐ ஒட்டியும், அவர்களுடைய எம்கேட் சராசரி 512-ஐ ஒட்டியும் இருப்பதைப் பார்த்தால் மனம் சோரும். இருந்தாலும் மொத்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்கு ஆம்காஸ் தனி ஜிபிஏ கணக்கிடுகிறது. உங்கள் கால்குலஸும் இயற்பியலும் அதில் சேரும், புரோகிராமிங் பாடங்கள் சேரா. அந்தத் தனிக்கணக்கில் இப்போது 50 கிரெடிட்டுக்கு 2.8 இருப்பதாக வைத்துக்கொண்டால், அதே 36 கிரெடிட் அதை 3.3-க்கு உயர்த்திவிடும். மேலும், மதிப்பெண்கள் ஆண்டுவாரியாகவும் போஸ்ட்-பேக் தனி வரியாகவும் அச்சாகின்றன. முதல் இரண்டு வரிகள் தாழ்ந்தும், கடைசி ஆண்டும் போஸ்ட்-பேக்கும் நிமிர்ந்தும் நிற்கும் ஓர் அட்டவணை, எல்லா ஆண்டும் 3.2 என்று சமமாக ஓடுவதைவிடத் தேர்வுக் குழுவிடம் உங்களுக்காக நன்றாகவே வாதாடும்.

ஆகவே, வருகிற ஜூனை விட்டுவிடுங்கள். உயர்ந்த எம்கேட் மதிப்பெண்ணும் குறைந்த ஜிபிஏ-வும் சேர்ந்து வந்தால், திறமை இருந்தும் உழைக்காதவர் என்று எண்ணும் தேர்வுக் குழுவினர் உண்டு.

பதில் – டிஓ மூன்றாம் ஆண்டு

ஆலோசகர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திரும்ப எடுத்த பாடத்தின் பழைய மதிப்பெண்ணை டிஓ (எம்டி-க்கு இணையான ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகள் நீக்கிவிடும் என்று பழைய பதிவுகள் பலவற்றில் படித்திருப்பீர்கள். அந்தச் சலுகை 2017-இலேயே முடிந்துவிட்டது. எனவே சி வாங்கிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் திரும்பப் படிப்பதைவிட, பயோகெமிஸ்ட்ரி, உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற மேல்நிலைப் பாடங்களில் ஏ வாங்குவது அதிகம் பேசும் என்பது என் கருத்து. சில கல்லூரிகள் சி-க்குக் கீழே இருந்தால் ஏற்பதில்லை. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

டிஓ கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி எம்டி-யைவிடக் குறைவு. 2020-இல் இரு தரப்பு ரெசிடென்சியும் (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. ஆனாலும் டிஓ-க்களுக்கான உரிமத் தேர்வான காம்லெக்ஸோடு எம்டி மாணவர்கள் எழுதும் யுஎஸ்எம்எல்இ-யையும் சேர்த்து எழுதும் சுமை எங்களில் பலருக்கு இருக்கிறது. ஓஹையோவாசி என்பதால், ஏதென்ஸ் நகரில் உள்ள ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஹெரிடேஜ் ஆஸ்டியோபதிக் கல்லூரியை முதலில் பாருங்கள். அது மாநில மாணவர்களுக்கே முன்னுரிமை தருகிறது. இப்போதே ஒரு டிஓ மருத்துவருடன் இருந்து பார்த்து, அவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வையுங்கள்.

பதில் – ரெசிடென்ட், நியூ ஜெர்சி

கரீபியத்தில் இடம் எளிதில் கிடைக்கும் என்பது உண்மை. சிக்கல் அதற்குப் பிறகுதான். ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்சில் 2024-இல் டிஓ மாணவர்களில் சுமார் 92 விழுக்காட்டினருக்கு முதலாண்டு ரெசிடென்சி கிடைத்தது. வெளிநாட்டில் மருத்துவம் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கோ 67 விழுக்காடு. அதிலும் நடுவில் படிப்பை விட்டவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. முன்பு யுஎஸ்எம்எல்இ-யின் முதல் கட்டமான ஸ்டெப் 1-இல் பெரிய எண் வாங்கி அந்தக் குறையை ஈடுகட்ட முடிந்தது. 2022 ஜனவரி முதல் அதில் தேர்ச்சி, தோல்வி மட்டுமே என்பதால் பாரம் முழுவதும் ஸ்டெப் 2-க்குப் போய்விட்டது.

எஸ்எம்பி எனப்படும் சிறப்பு முதுகலையைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கல்லூரிகளில் அந்த மாணவர்கள் மருத்துவ முதலாண்டுப் பாடங்களையே அதே வகுப்பில் படிக்கிறார்கள். அங்கே நன்றாகச் செய்தால் அதைவிட வலுவான சான்று இல்லை, சறுக்கினால் மறைக்க இடமும் இல்லை. செலவும் அதிகம் என்பதால், போஸ்ட்-பேக்கில் இரண்டு செமஸ்டர் ஏ வாங்கிய பிறகே அதை யோசிப்பது நல்லது.

மீண்டும் – ஓஹையோ மாணவி

அனைவருக்கும் நன்றி. ஜூனில் விண்ணப்பிக்கப்போவதில்லை. வேலையை விடாமல் மாலை நேரத்தில் இரண்டிரண்டு பாடமாக எடுக்கலாமா? துறை மாறிய கதையை விண்ணப்பக் கட்டுரையில் எழுத வேண்டுமா?

பதில் – முன்மருத்துவ ஆலோசகர்

முதல் செமஸ்டரில் இரண்டு அறிவியல் பாடங்களோடு தொடங்குங்கள். ஆனால் ஒரு செமஸ்டராவது முழுச் சுமையுடன் படித்து ஏ வாங்கியிருக்க வேண்டும், ஏனெனில் மருத்துவக் கல்லூரியில் காத்திருப்பது அந்த வேகம்தான். பயோகெமிஸ்ட்ரி முடிந்த பின்னரே எம்கேட் எழுதுங்கள். வாழ்நாளில் ஏழு முறைக்கு மேல் எழுத முடியாது. பல கல்லூரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட மதிப்பெண்ணை ஏற்பதுமில்லை. கட்டுரைக்கு 5,300 எழுத்துகளே இடம். அதில் துறை மாற்றத்துக்கு இரண்டு வாக்கியம் போதும், வீட்டாரைக் குறை சொல்லும் தொனி வேண்டாம். மீதியை அவசரப் பிரிவில் நீங்கள் கண்டவற்றுக்கு ஒதுக்குங்கள்.