பாஸ்போர்ட் முடக்கம்: மூடிய உறையில் உள்ள காரணத்தின் சுருக்கத்தைக் கேட்டுப் பெற முடியுமா?

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்து வருகிறேன். கடந்த பிப்ரவரியில், 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 10(3)(சி) பிரிவின்கீழ், நாட்டின் பாதுகாப்பு கருதி என் பாஸ்போர்ட் முடக்கப்பட்டது. ஒன்றரைப் பக்க உத்தரவில் முகவரியும் பிரிவு எண்களும் போக எஞ்சுவது ஒரே வாக்கியம்தான். காரணங்களின் நகலை மறுப்பதற்கு 10(5) பிரிவைக் காட்டியிருக்கிறார்கள். என்மீது எந்தக் குற்ற வழக்கும் இல்லை.

11-ஆம் பிரிவின்கீழ் செய்த மேல்முறையீடு இரண்டு மாதங்களில் தள்ளுபடியானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு 8(1)(ஏ) பிரிவைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்தோம். சென்ற விசாரணையில் அரசுத் தரப்பு, காரணங்கள் அடங்கிய பழுப்பு உறையொன்றை நீதிபதியிடம் மட்டும் நீட்டியது. அதன் அரக்கு முத்திரையை நானும் என் வழக்கறிஞரும் நாலடி தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி.

பாஸ்போர்ட் முடக்கத்தில் விளக்கம் சொல்லும் வாய்ப்பு தர வேண்டும் என்பது மேனகா காந்தி வழக்கிலேயே (1978) உறுதியானது. தேசப் பாதுகாப்பு என்று வெறுமனே சொல்லி இயற்கை நீதியை (பாதிக்கப்படுபவரின் விளக்கத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற நெறியை) ஒதுக்க முடியாது என்றும், ரகசியப் பகுதிகளை மறைத்துவிட்டுச் சுருக்கத்தைத் தரலாம் என்றும் மீடியா ஒன் என்ற மலையாளச் செய்தித் தொலைக்காட்சியின் வழக்குத் தீர்ப்பில் (ஏப்ரல் 2023) உச்ச நீதிமன்றம் கூறியது. அரசுத் தரப்போ, தேசப் பாதுகாப்பு விஷயத்தில் இயற்கை நீதியைக் கறாராகப் பின்பற்றும்படி வலியுறுத்த முடியாது என்ற 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த விசாரணைக்கு மூன்று வாரங்களே உள்ளன; ஜெர்மனி பையர் அதுவரை காத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மீடியா ஒன் தீர்ப்பைக் காட்டி, பாஸ்போர்ட் வழக்கில் இத்தகைய சுருக்கத்தை எந்த உயர் நீதிமன்றத்திலாவது யாரேனும் பெற்றிருக்கிறீர்களா?