தனியார் பள்ளி 25% ஒதுக்கீட்டை மூடிவிட்டு அந்தப் பணத்தை அரசுப் பள்ளிக்குக் கொடுக்கலாமா?

சிவகங்கைச் சீமை:
கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 12(1)(சி): தனியார் பள்ளி எல்கேஜியில் 25% இடம் ஏழை, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு கட்டும். ஏற்றத்தாழ்வைக் குறைக்க அரசும் தனியாரும் கைகோத்த திட்டமாம். தனியாருக்கு அரசே ஆள் பிடித்துக் கொடுக்கிறது என்பேன் நான். 65 பிள்ளைகள் இருந்த அரசுத் தொடக்கப் பள்ளி 58-க்கு இறங்கினால், அதே சட்டத்தின் அட்டவணைப்படி மூன்றாவது ஆசிரியர் உபரி.

பேரேடு:
எவ்வளவு கட்டுகிறது என்றும் சொல்லுங்கள் சார். பிரிவு 12(2): அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, தனியார் பள்ளிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. வகுப்பில் 40 பேர், ஒதுக்கீட்டில் 10 பேர். கட்டணம் 30,000, அரசுச் செலவு 12,000 என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். வருடத்துக்கு 1,80,000 துண்டு விழுகிறது. வரவேண்டிய 12,000-மும் கல்வியாண்டு முடிந்து, நிலுவையாகத்தான் வரும். ஆசிரியர் சம்பளம் அதுவரை காத்திருக்குமா?

சிவகங்கைச் சீமை:
அந்தத் துண்டைப் பள்ளியா சுமக்கிறது? நோட்டு, சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என்று பெற்றோரிடம் வசூல். கல்விக் கட்டணம் பூஜ்யம் என்று ரசீது, மிச்சம் துண்டுச் சீட்டில். படிப்பைத் தடுக்கும் எந்தக் கட்டணமும் பிள்ளையிடம் வாங்கக்கூடாது என்ற பிரிவு 3(2) எதற்கு இருக்கிறது?

கரும்பலகை:
துண்டுச் சீட்டையே பத்திரமாக வையுங்கள், அதுதான் சாட்சி. கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு விதித்த தொகையோடு ஒப்பிட்டு, மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தைப் புகாருக்கு மதிப்பில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த ஒதுக்கீட்டில் இரண்டு பிரிவு. 2 லட்சம் ஆண்டு வருமான வரம்பு நலிவடைந்த பிரிவுக்கு மட்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சாதிச் சான்றிதழ் போதும், அதில் பிற்படுத்தப்பட்டோரும் உண்டு. வசதியானவரும் கூலிக்காரரும் ஒரே குலுக்கலில்! சலுகை எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதில் முழுக் கட்டணம் கேட்பார்கள். முடியாதவர்கள் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் நஷ்டமில்லை: 9 முதல் 12 வரை அங்கே படித்தால் மருத்துவச் சேர்க்கையின் 7.5% ஒதுக்கீடு இவர்களுக்கும் உண்டு. பல பெற்றோருக்கு இது தெரியாது.

பேரேடு:
வரம்பை இரு பிரிவுக்கும் வைக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதோடு ஜூனில் பாதி, டிசம்பரில் பாதி என்று பணத்தை விடுவித்தால் துண்டுச் சீட்டும் பெருமளவு குறையும்.

சிவகங்கைச் சீமை:
எந்தப் பணத்தை? இந்தக் கட்டணப் பணம் வருவது சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய-மாநிலப் பள்ளிக் கல்வித் திட்டத்தில்; அதில் ஒன்றியப் பங்கு 60%. பிஎம்ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லையென்று அது நின்றது, 2025-26 சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிச் சேர்த்தாயிற்று. உங்கள் ஜூன் தவணைக்கு மாநிலம் தனியாக நிதி ஒதுக்குமா, அதைச் சொல்லுங்கள்.

பேரேடு:
ஒதுக்கத்தான் வேண்டும். ஒன்றியப் பங்கு வரும்போது ஈடுசெய்துகொள்ளட்டும். எல்கேஜி பிள்ளை அக்டோபர் வரை வீட்டிலிருக்க முடியாது.