டிராஃபிக் காமிங்: ‘தெருத்தணிப்பு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘டிராஃபிக் காமிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் ஒருமுறை வரிசையாகப் படித்தேன். போக்குவரத்து அமைதிப்படுத்தல், போக்குவரத்து மட்டுப்படுத்தல், வேகக் கட்டுப்பாடு, வேகத்தணிப்பு, அப்புறம் சேலத்து அக்கா சொன்ன ‘தணிகை’. எனக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதப்போகிறோம், நாங்கள் கேட்கிற விஷயத்துக்குத் தமிழில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் எல்லாரும் ‘வேகத்தடை அமைத்துத் தர வேண்டும்’ என்றே எழுதிக் கொடுக்கிறார்கள். வேகத்தடை என்று கேட்டால் வேகத்தடைதான் வரும்.

பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். குடியிருப்புத் தெருவில் வண்டிகள் வேகமாகப் போக முடியாதபடியும், அந்தத் தெருவில் எந்த வேலையும் இல்லாத வண்டிகள் குறுக்குவழியாகப் புகுந்து ஓடாதபடியும் தெருவின் அமைப்பையே மாற்றுவது, இதுதான் விஷயம். போலீஸ் நின்று பிடிப்பதோ ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைப்பதோ இதில் சேராது. பலகையைப் படிக்காதவருக்கும் கால் தானாகவே பிரேக்குக்குப் போக வேண்டும், தெரு அப்படி இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் புழங்குகிற சொல்லே ஜெர்மன் சொல்லின் மொழிபெயர்ப்புதான். அதற்கும் முன்னால், 1960களின் கடைசியில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் தெருவையே வீட்டு முற்றம்போல மாற்றி அமைத்தார்கள், 1976இல் அது அந்த நாட்டுச் சட்டத்துக்குள்ளும் வந்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘வோனெர்ஃப்’, வாழும் முற்றம் என்கிற மாதிரியான பொருள். ஆகவே ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கு ஈடாக ஒவ்வொரு துண்டாகத் தமிழாக்கினால் நாம் மொழிபெயர்ப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருப்போம். பொருளைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

‘அமைதிப்படுத்தல்’ எனக்கு ஒத்துவரவில்லை. நமக்கு அமைதி என்றால் சத்தமில்லாமை, இல்லை என்றால் சமாதானம். மருத்துவமனை முன்னால் ஹாரன் அடிக்கக் கூடாத பகுதிக்கு ‘அமைதி மண்டலம்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டும் குழம்பும். ‘மட்டுப்படுத்தல்’ ஈழத்து நண்பர்களுக்குப் பழகிய சொல், மதிக்கிறேன், ஆனால் இங்கே அதைப் படிப்பவர் அளவைக் குறைப்பது என்று மட்டும் எடுத்துக்கொள்வார். ‘வேகக் கட்டுப்பாடு’ சட்டத்தின் வேலை.

‘வேகத்தணிப்பு’ நல்ல சொல், சொன்னதும் புரிகிறது. ஆனால் அதில் பாதிப் பொருள்தான் இருக்கிறது. எங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே தேசிய நெடுஞ்சாலை 48 போகிறது. கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வண்டி தேங்க ஆரம்பித்தால் போதும், சர்வீஸ் ரோட்டில் வருகிறவர்கள் ஃபோனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ஹவுசிங் போர்டு தெருக்களுக்குள் திரும்பிவிடுகிறார்கள். சாயங்காலம் பிள்ளைகள் டியூஷன் முடிந்து சைக்கிளில் வருகிற அதே நேரம். இவர்களில் பலர் வேகமாகக்கூட வருவதில்லை, தெரு நிறைந்துபோய் ஊர்ந்துகொண்டுதான் போகிறார்கள். வேகம் தணிந்தே இருக்கிறது, ஆனாலும் அது குடியிருக்கிற தெருவாக இல்லை, நெடுஞ்சாலையின் ஒரு கிளையாக இருக்கிறது. இதையும் சேர்த்துப் பிடிக்கிற சொல்தான் எங்களுக்கு வேண்டும்.

அதனால்தான் ‘தெருத்தணிப்பு’ என்று முன்வைக்கிறேன். தெருக்கூத்து போலவே வல்லினம் மிகுந்து வரும், கூத்து வளர்ந்த வடஆர்க்காட்டுக்காரர்களுக்கு வாயில் தடுக்காது.

> தெரு எப்படித் தணியும்? தணிவது போக்குவரத்துதானே?

என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ராத்திரி பத்து மணிக்கு மேல் ‘தெரு அடங்கிடுச்சு’ என்று சொல்கிறோம் இல்லையா, அங்கே அடங்குவது கல்லும் தாருமா? தெருவில் நடக்கிற அத்தனையையும் தெரு என்ற ஒரே சொல்லால் சொல்வது நம் வழக்கம். ‘தணி’யும் வேலூருக்குப் பழகிய சொல். மே மாதத்தில் இங்கே ‘வெயில் தணியட்டும், அப்புறம் கிளம்பலாம்’ என்று சொல்லாத வீடு கிடையாது. கோபம் தணியும், காய்ச்சல் தணியும், தாகம் தணியும். எல்லாவற்றிலும் மிஞ்சிப்போன ஒன்று இருக்க வேண்டிய அளவுக்கு இறங்கி வருகிறது, முழுதாக நின்றுபோவதில்லை. தெருவில் வண்டியே வரக் கூடாது என்று நாங்களும் கேட்கவில்லை. பால் வண்டி வரட்டும், ஆட்டோ வரட்டும், சிலிண்டர் வண்டி வரட்டும்.

இன்னொரு வசதியும் உண்டு. தணிப்பு என்றால் நாம் செய்கிற செயல், தணிவு என்றால் அதனால் வருகிற நிலை. ‘தெருத்தணிப்பு செய்தார்கள், இப்போது இது தணிந்த தெரு’ என்று இயல்பாக எழுதலாம். ‘தணிகை’ அழகான சொல்தான், முருகன் சினம் தணிந்த மலை, செருத்தணிகை என்ற பழம்பெயரும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அக்கா, எங்கள் பக்கத்தில் தணிகை என்றதும் எல்லாருக்கும் திருத்தணிதான் தோன்றும். அதை மலைக்கே விட்டுவிடுவோம்.

வேகத்தடை பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் குழப்பமே அங்கேதான். எங்கள் தெருவில் ஒன்று இருக்கிறது. யாரோ வீடு கட்டி மிஞ்சின கான்கிரீட்டைக் கொட்டித் தட்டிவிட்டது, ஒரு முழ அகலம்கூட இல்லை, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நேராக ஏறி இறங்குகிறது, வெள்ளை பெயின்ட் கிடையாது. ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓட ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இருசக்கர வண்டி எல்லாம் அந்த ஒரு சாண் வழியாகத்தான் போகிறது, வேகம் ஒரு துளி குறையாமல். வீட்டுச் சுவரை ஒட்டி நடக்கிற பெரியவர்களுக்கு நேர் எதிரே. கார்க்காரர் அங்கே மட்டும் நின்று ஏறி இறங்கி, போன நேரத்தை ஈடுகட்ட அடுத்த தடை வரைக்கும் விரட்டுகிறார். ஆபரேஷன் முடிந்து சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் வீடு திரும்புகிறவர் அந்த இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இந்திய சாலைப் பேராயத்தின் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டி 1988லேயே இதற்கு அளவு சொல்லியிருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், ஆனால் வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு, மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிறவர் உடம்பு அதிராமல் ஏறி இறங்கலாம். கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். 2018இல் இதே வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டபோது தலைப்பிலேயே டிராஃபிக் காமிங் வந்துவிட்டது. அதாவது தடை என்கிற ஒற்றைப் பொருளிலிருந்து முழு முறைக்கு அவர்கள் நகர்ந்துவிட்டார்கள், தமிழில் நாம் இன்னும் தடையிலேயே நிற்கிறோம். அளவு பார்த்துக் கட்டிய அந்த நீள வளைவுக்கு ‘தணிமேடு’ என்று தனிப் பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து.

வேக வரம்பில் 30 என்ற எண்ணையே உலகம் முழுக்க ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சிலர் கேட்டீர்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992லேயே, பாரிஸ் 2021இல், பெரும்பாலான தெருக்களுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தன. கணக்கு எளிது. பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை ஓடி வருகிறது, பார்த்துப் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். நல்ல சாலையில் 30இல் வருகிறவர் சுமார் 13 மீட்டருக்குள் வண்டியை நிறுத்திவிடுவார். 50இல் வருகிறவருக்கு அந்த ஒரு நொடியிலேயே 13 மீட்டர் ஓடிவிடும், பிரேக்கில் கால் பட்டே இருக்காது. அவர் முழு வேகத்தில் வந்து மோதுவார். நம் தெருக்களில் வீட்டு வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே இருப்பது ஒரு கோலம் போடுகிற இடம்தான்.

ஊடே புகுந்து போகிற வண்டிகளுக்கு ‘ஊடுபோக்கு’ என்று சொல்லலாம். ஊடுபயிர் தெரிந்த எவருக்கும் ‘ஊடு’ புரியும். இதைத் தனியாகப் பெயரிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் ஒரு தெருவில் தடை போட்டால் ஊடுபோக்கு அடுத்த தெருவுக்கு மாறிவிடுகிறது, அந்தத் தெருக்காரர்கள் அடுத்த மாதம் மனு எழுதுகிறார்கள். பகுதி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழி பிறக்கும். நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டுப் பார்த்தார். வண்டி குறைவான தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள், வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9. இதை ஆராய்ந்த அந்த மனிதர் 1982இல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருமுனையில் ஓரத்தை வெளியே நீட்டி வழியைக் குறுக்குவது ‘முனைக்குறுக்கம்’. நடப்பவர்கள் கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்குத் தூக்குவது ‘மேடைக்கடவை’. ரவுண்டானா ரவுண்டானாவாகவே இருக்கட்டும், மாற்றத் தேவையில்லை. ஆம்புலன்ஸின் அகன்ற சக்கரங்கள் இரு பக்கமும் தாண்டிப் போகும்படி நடுவில் மட்டும் வைக்கிற மேட்டுக்கு ‘வேகத்திண்டு’ பொருந்தும், ஆனால் நம் ஊரில் ஓடுவதில் பெரும்பகுதி இருசக்கர வண்டி, திண்டுகளுக்கு இடையே அவை நழுவிவிடும் என்பதால் அதை நான் கேட்க மாட்டேன். கார் புகாமல் ஆளும் சைக்கிளும் மட்டும் போகும்படி தெருவாயில் நடுகிற தூணுக்கு ஒரு நண்பர் ‘நடுகல்’ என்றார். அது வேண்டாம், தயவுசெய்து. செங்கம் பக்கத்தில் நடுகல் என்றால் செத்த வீரனுக்கு எடுத்த கல், இன்றும் கும்பிடுகிறார்கள். ‘மறிகல்’ என்று வைத்துக்கொள்வோமா?

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.
சத்துவாச்சாரியிலிருந்து

———

அன்புத் தம்பிக்கு,

மடலை இரண்டு தடவை படித்தேன். நெடுஞ்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மூன்று விஷயம்.

தெருத்தணிப்பு என்று வைத்தால் நெடுஞ்சாலை ஊருக்குள் நுழைகிற இடத்தை என்ன சொல்வீர்கள்? அங்கேயும் இதே வேலைதான் செய்கிறோம், ஆனால் அது தெரு இல்லை. 2018 வழிகாட்டி நகரம், கிராமம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதை யோசிக்க வேண்டும்.

தணிமேடு எனக்குப் பிடித்திருக்கிறது. மேஸ்திரியிடம் ‘தடை’ என்று சொன்னால் அவர் தடுக்கத்தான் கட்டுவார், நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி சுவராக. ‘மேடு’ என்றால் கை தானாகச் சரித்து இழுக்கும். அளவையும் கூடவே எழுதிக் கொடுத்துவிடுங்கள், 3.7 மீட்டர் என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறிகல் எதற்கு? குத்துக்கல் இருக்கிறதே. குடியாத்தம் பக்கத்தில் பழைய தெருமுனை வீடுகளில் பாருங்கள், வண்டிச் சக்கரம் சுவரில் உரசாமல் இருக்க மூலையில் கல் நட்டிருப்பார்கள். மாட்டு வண்டி புகக் கூடாத சந்தின் வாயிலும் நடுவது உண்டு. எங்கள் அப்பா காலத்திலேயே இருந்த சொல், இருந்த பொருள். புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து

———

ஐயா, மிக்க நன்றி.

குத்துக்கல் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்’ என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், அகராதி பார்க்கவே வேண்டாம். மனுவிலும் ‘தெருவாயில் குத்துக்கல் நடுதல்’ என்று எழுதினால் படிக்கிற எழுத்தருக்கு உடனே கண்ணில் தெரியும்.

நெடுஞ்சாலைக் கேள்விக்கு என் பதில் இது. அங்கே வண்டியை உள்ளே விடாமல் இருக்க முடியாது, ஊடுபோக்குக்காகவே போட்ட சாலை அது. அங்கே செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது மட்டும்தான், அதற்கு நம் குழுவில் முன்பே வந்த ‘வேகத்தணிப்பு’ கச்சிதமாகப் பொருந்தும். வேகம், ஊடுபோக்கு இரண்டையும் சேர்த்துக் குறைக்கிற இடம் தெரு, அது ‘தெருத்தணிப்பு’. இரண்டுக்கும் பொதுவாகப் பேசும்போது ‘தணிப்பு’, ‘தணிப்பு முறைகள்’ என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் யாருக்காவது மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள்.

மனுவில் முதல் பத்தியில் இப்படி விளக்கம் கொடுக்கப்போகிறேன்: ‘தெருத்தணிப்பு: குடியிருப்புத் தெருவில் வாகனங்களின் வேகமும் ஊடுபோக்கும் குறையும்படி தெருவின் அகலம், மட்டம், வழி ஆகியவற்றை மாற்றி அமைத்தல்.’ அதற்குக் கீழே தணிமேட்டின் அளவு, எந்தெந்த முனையில் குத்துக்கல், எந்த இடத்தில் மேடைக்கடவை என்று கைப்பட வரைந்த படம். ‘மட்டம்’ என்ற சொல் அங்கே சரியா, இல்லை ‘தளம்’ என்று போடலாமா என்பதை மட்டும் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

வோனெர்ஃபுக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. ‘வாசல் தெரு’ என்று ஒன்று மனதில் இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.